குட்டியின் குடலும் தாயின் பாலும்: பண்ணைப் பன்றிகளுக்குக் குடல்நோய்த் தடுப்பு

பண்ணைகளில் பன்றிக்குட்டிகளின் சாவுக்கும் வளர்ச்சிக் குறைவுக்கும் காரணமாகும் நோய்களுள் குடல்நோய்கள் முன்வரிசையில் நிற்பவை. அவற்றுள் பெரும்பாலானவை கழிச்சல் என்னும் ஒரே அடையாளத்தோடு வெளிப்பட்டாலும், அவற்றை உண்டாக்கும் கிருமிகள் பல. அவை தாக்கும் வயதும், குடலில் தங்கும் இடமும், கேடு விளைவிக்கும் முறையும் வெவ்வேறு. கடந்த அறுபது ஆண்டுகளில் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இந்நோய்களுக்கு எதிராக உருவான தடுப்பு மருந்துகள் சில சினைப் பன்றிக்கு ஊசியாகவும், சில குட்டிக்கு ஊசியாகவும், வேறு சில குடிநீரில் கலந்தும் கொடுக்கப்படுகின்றன. இவ்வேற்றுமைக்குக் காரணம் மருந்துக் குழுமங்களின் வசதியன்று, பன்றியின் உடலமைப்பே என்பதை விளக்குவது இவ்வுரையின் நோக்கம். எந்தக் கிருமிக்கு எதிரானது என்ற கேள்வியோடு, யாருக்கு, எப்போது, எவ்வழியாக என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கண்ட பின்னரே குடல்நோய்த் தடுப்பூசி பயன் தருகிறது.

இதற்கு அடிப்படையான உண்மை ஒன்று உண்டு. தசையில் போடப்படும் ஊசி, இரத்தத்தில் எதிர்ப்பொருளை, அதாவது குறிப்பிட்ட கிருமியையோ நச்சையோ பற்றி முடக்கும் புரதத்தை, உண்டாக்குகிறது. குடற்குழாயின் உட்பகுதியோ இரத்த ஓட்டத்திலிருந்து சளிப்படலத்தால் பிரிக்கப்பட்டது. அங்கே காவல் செய்யும் எதிர்ப்பொருள் பெரும்பாலும் ஐஜிஏ எனப்படும் வகையைச் சேர்ந்தது. அது குடற்சுவரிலேயே உருவாகிச் சுரக்கிறது. இரத்தத்தில் மிகுதியாக உள்ள ஐஜிஜி வகை, குடலின் உட்புறத்தை எட்டுவது மிகக் குறைவு. ஆகவே இரத்தப் பரிசோதனையில் எதிர்ப்பொருள் நிறைய இருப்பதாகக் காட்டும் குட்டி, அதே கிருமியால் கழிச்சல் கண்டு சாகக்கூடும்.

எதிர்ப்பொருள் இன்றிப் பிறக்கும் உயிர்

மனிதக் குழந்தை தாயின் எதிர்ப்பொருளை நஞ்சுக்கொடி வழியாகப் பெற்றுப் பிறக்கிறது. பன்றியிலோ தாயின் இரத்தத்துக்கும் கருவின் இரத்தத்துக்கும் இடையே ஆறு திசு அடுக்குகள் சிதையாமல் நிற்பதால், எதிர்ப்பொருள் போன்ற பெரிய மூலக்கூறு எதுவும் அவற்றைக் கடப்பதில்லை. ஏறத்தாழ 115 நாள் சினைக்காலம் முடிந்து ஈனப்படும் குட்டியின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். அக்குறையை நிரப்புவது சீம்பால். பிறந்த குட்டியின் குடற்சுவர், சீம்பாலிலுள்ள எதிர்ப்பொருளைச் செரிக்காமல் முழு மூலக்கூறாகவே இரத்தத்துக்குள் விடும் தன்மை உடையது. ஆனால் 24 முதல் 36 மணி நேரத்துக்குள் அவ்வாயில் மூடிவிடுகிறது. முதல் ஒரு நாளுக்குள் சீம்பாலின் ஐஜிஜி அளவும் விரைந்து சரிந்து, அதன்பின் சுரக்கும் பாலில் ஐஜிஏ மேலோங்குகிறது.

குட்டி ஒன்று முதல் நாளில் 200 முதல் 250 கிராம் சீம்பாலாவது குடித்தால்தான் பிழைக்கும் வாய்ப்பு உறுதிப்படுகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஓர் ஈற்றில் பதினைந்துக்கு மேல் குட்டிகள் பிறக்கும் இன்றைய கலப்பினங்களில், கடைசியாகப் பிறந்து, குளிரில் நடுங்கி, காம்பை எட்டிப் பிடிக்க வலுவில்லாத சிறு குட்டிக்கு அந்த அளவு கிடைப்பது அரிது. தாய்க்குப் போட்ட தடுப்பூசி எவ்வளவு தரமானதாயினும் அந்தக் குட்டியைப் பொறுத்தவரை அது போடப்படாததற்குச் சமம். எனவே தாய்வழித் தடுப்பின் வெற்றி, ஊசி போடும் நாளில் பாதியும், ஈனும் கொட்டிலில் நிற்கும் பணியாளர் கையில் பாதியும் இருக்கிறது.

பற்றிழையைக் குறிவைத்த தடுப்பூசி

பிறந்த சில நாட்களுக்குள் வரும் நீர்க்கழிச்சலுக்கு முதன்மையான காரணம், நச்சு சுரக்கும் ஈ.கோலை பாக்டீரியா. எல்லாப் பன்றிகளின் குடலிலும் ஈ.கோலை வாழ்கிறது, அவற்றுள் சில மட்டும் கேடு செய்வது ஏன் என்ற வினாவுக்கு விடை படிப்படியாகவே கிடைத்தது. டென்மார்க்கைச் சேர்ந்த ஃபிரிட்ஸ் ஆர்ஸ்கோவ், ஈடா ஆர்ஸ்கோவ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1961-இல், நோயுற்ற பன்றிகளிலிருந்து எடுத்த ஈ.கோலையின் மேற்பரப்பில் கே88 என்ற கூறு இருப்பதை விவரித்தனர். அது பாக்டீரியாவின் மேல் மயிர்போல் நீண்டிருக்கும் பற்றிழை என்பதும், அதைக் கொண்டே பாக்டீரியா சிறுகுடற் செல்லைப் பற்றிக்கொள்கிறது என்பதும் பின்னர்த் தெளிவாயின. இன்று எஃப்4 என்று வழங்கும் அவ்விழை இல்லாவிட்டால், குடலின் ஓட்டத்தோடு பாக்டீரியா அடித்துச் செல்லப்படும். சுரக்கும் நச்சும் பயனற்றுப்போகும். 1971-இல் வில்லியம்ஸ் ஸ்மித், லிங்குட் ஆகிய இருவரும் இங்கிலாந்தில் நடத்திய ஆய்வு, பற்றும் திறனும் நச்சுத் திறனும் சேர்ந்தே நோயை உண்டாக்குகின்றன என்பதையும், அவ்விரண்டும் பிளாஸ்மிட் எனப்படும், ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்குத் தாவக்கூடிய மரபணு வளையங்களில் அடங்கியுள்ளன என்பதையும் காட்டியது.

இதிலிருந்து தடுப்பூசிக்கான வழி திறந்தது. முழுக் கிருமியையும் எதிர்க்க வேண்டியதில்லை, அது பற்றும் கருவியை முடக்கினால் போதும் என்ற கருத்தை, ரட்டர், ஜோன்ஸ் என்னும் இரு ஆய்வாளர்கள் 1973-இல் வெளியிட்ட சோதனை உறுதிப்படுத்தியது: பிரித்தெடுத்த கே88 பற்றிழையைத் தாய்ப்பன்றிக்குச் செலுத்தியபோது, அதன் சீம்பாலைக் குடித்த குட்டிகள் காக்கப்பட்டன. மரபணுப் பொறியியல் வழியே உருவான தடுப்பு மருந்துகளுள் முதன்முதலாக விற்பனைக்கு வந்தவற்றுள் ஒன்றும் இந்நோய்க்கானதே. 1982-இல் அது ஐரோப்பாவில் பயன்பாட்டுக்கு வந்தது. இன்று வழங்கும் தடுப்பூசிகளில் எஃப்4, எஃப்5, எஃப்6, எஃப்41 என்னும் பற்றிழைகளோடு, பாக்டீரியா சுரக்கும் நச்சின் தீங்கற்ற வடிவமும் பெரும்பாலும் சேர்ந்திருக்கிறது. தலையீற்றுப் பன்றிக்கு ஈனுவதற்குச் சுமார் ஐந்தாறு வாரங்களுக்கு முன்பும் இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பும் என இரு முறையும், பின்வரும் ஈற்றுகளுக்கு ஒரு முறையும் ஊசி போடுவது பொதுவான வழக்கம்.

ஊசியால் உண்டாவது ஐஜிஜி என்றால், குடலுக்குள் நிகழும் இந்நோயை அது எவ்வாறு தடுக்கிறது என்று கேட்கலாம். குட்டி குடிக்கும் சீம்பால் குடலின் வழியாகவே செல்கிறது. இரத்தத்துக்குள் போவதற்கு முன்பும் போகாமல் எஞ்சியும் குடலில் நிற்கும் எதிர்ப்பொருள், பற்றிழைகளை மூடிவிடுகிறது. இந்நோயின் கடுமை முதல் சில நாட்களுக்கு உரியதாகையால், அக்குறுகிய காலத்துக்கு இக்காவல் போதுமானதாகிறது.

ஒன்றே காப்பும் கேடும் ஆதல்

பிறந்து மூன்று நாட்களுக்குள் குருதிக் கழிச்சல் கண்டு ஈற்று முழுவதையும் இழக்கச் செய்யும் மற்றொரு நோய், குளோஸ்டிரிடியம் பெர்ஃபிரின்ஜென்ஸ் சி வகையால் வருவது. அது சுரக்கும் பீட்டா நச்சு சிறுகுடற் சுவரை அழுகச் செய்கிறது. இந்நச்சை எளிதில் சிதைக்கக்கூடியது டிரிப்சின் என்னும் செரிமான நொதி. ஆனால் சீம்பாலில், எதிர்ப்பொருள் செரிந்து வீணாகாமல் காக்கும்பொருட்டு, டிரிப்சினைத் தடுக்கும் பொருளும் இயற்கையாகவே உள்ளது. எதிர்ப்பொருளைக் காக்கும் அப்பொருள் நச்சையும் சேர்த்துக் காப்பதனால்தான், பிறந்த குட்டிகளே இந்நோய்க்கு எளிதில் இரையாகின்றன. அதே பாக்டீரியா பப்புவா நியூகினியின் மலைப்பகுதிகளில் பன்றியிறைச்சி விருந்துக்குப் பின் சிறுவரைத் தாக்கும் குடலழுகல் நோயை உண்டாக்கியதும், அங்கு மிகுதியாக உண்ணப்படும் சர்க்கரைவள்ளிக் கிழங்கிலும் டிரிப்சின் தடுப்பான் இருந்தது அதற்குத் துணைநின்றதும் ஆய்வாளர் கண்டவை. அங்கு 1980 முதல் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடப்பட்டது. பன்றியில், நச்சை வீரியம் நீக்கித் தயாரித்த தடுப்பூசியைச் சினைப் பன்றிக்குப் போட்டால், நச்சை முறிக்கும் எதிர்ப்பொருளும் சீம்பால் வழியே வந்து, டிரிப்சின் தடுப்பானால் தானும் காக்கப்பட்டு, நச்சை எதிர்கொள்கிறது.

குடலிலிருந்து மடிக்கு

பாக்டீரியாவுக்குப் போதுமான இம்முறை வைரஸ்களிடம் தடுமாறியது. பரவும் இரைப்பை-குடல் அழற்சி என்னும் டிஜிஇ நோயை, அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் டாய்ல், ஹட்சிங்ஸ் இருவரும் 1946-இல் முதன்முதலாக விவரித்தனர். கொரோனா வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்த அதன் கிருமி, சிறுகுடலின் உட்சுவரில் விரல்போல் நீட்டிக்கொண்டிருந்து சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகளின் செல்களை அழிக்கிறது. வளர்ந்த பன்றியில் அச்செல்கள் சில நாட்களில் புதுப்பிக்கப்பட்டுவிடும். பிறந்த குட்டியில் அப்புதுப்பித்தல் மெதுவாக நடப்பதால், குடித்த பால் செரியாமல் வெளியேற, உடல்நீர் வற்றி, இரண்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டிகள் ஏறக்குறைய அனைத்தும் இறந்துவிடுகின்றன. இங்கே சீம்பால் வழியாக இரத்தத்தில் ஏறிய ஐஜிஜி உதவுவதில்லை. பால் குடிக்கும் காலம் முழுவதும், ஒவ்வொரு முறை குடிக்கும்போதும், குடலை எதிர்ப்பொருளால் நனைத்துக்கொண்டிருப்பதே காப்பாகிறது. அதற்குப் பாலில் ஐஜிஏ வேண்டும்.

தசையில் ஊசி போட்ட தாய்ப்பன்றியின் பாலில் ஐஜிஏ போதிய அளவில் வராததும், இயற்கையாக நோய் கண்டு மீண்ட தாயின் பாலில் அது நிறைந்திருந்ததும் ஆய்வாளரைச் சிந்திக்க வைத்தன. ஒஹாயோ மாநிலத்தின் வூஸ்டர் ஆய்வு நிலையத்தில் எட்வர்ட் போல், லிண்டா சயிஃப் ஆகியோர் 1970-களில் செய்த ஆய்வுகள் இதற்கு விளக்கம் தந்தன: தாயின் குடலில் கிருமியைச் சந்தித்த நோயெதிர்ப்புச் செல்கள் இரத்த ஓட்டத்தில் பயணம் செய்து, மடியில் குடியேறி, அங்கே ஐஜிஏ சுரக்கின்றன. குடலுக்கும் மடிக்கும் உள்ள இத்தொடர்பு, தாய்ப்பால் பற்றிய பொதுவான அறிவியலுக்கே ஓர் அடித்தளமாயிற்று. சயிஃப் 2015-இல் வேளாண்மைக்கான வோல்ஃப் பரிசைப் பெற்றார்.

டிஜிஇ வைரஸின் மரபணுவில் ஒரு பகுதி உதிர்ந்து, குடலை விட்டு மூச்சுக்குழாயில் பெருகும் வைரஸ் ஒன்று 1984-இல் பெல்ஜியத்தில் கண்டறியப்பட்டது. பெரிய நோய் எதையும் உண்டாக்காமல் காற்றின் வழியே பண்ணைதோறும் பரவிய அது, விட்டுச்சென்ற எதிர்ப்பாற்றலால் ஐரோப்பாவில் டிஜிஇயை அருகச் செய்தது. எந்த மருந்துக்கூடமும் செய்யாத தடுப்பை இயற்கையே செய்துமுடித்த அரிய நிகழ்வு இது.

ஆனால் அத்தகைய நற்பேறு பிஇடி எனப்படும் பன்றிக் கொள்ளைக் கழிச்சலில் வாய்க்கவில்லை. இங்கிலாந்தில் 1971-இல் தோன்றிய அந்நோயின் வைரஸை, பெல்ஜியத்தின் கென்ட் நகரில் பென்சார்ட் குழுவினர் 1978-இல் அடையாளம் கண்டனர். ஆசியாவில் பல ஆண்டுகள் நிலைத்திருந்து, 2010-இன் இறுதியில் சீனாவில் கடும் வடிவெடுத்த அவ்வைரஸ், 2013 மே மாதம் அமெரிக்காவில் உறுதிசெய்யப்பட்டது. அதற்குமுன் அந்நோயை அறியாத மந்தையாகையால் எந்தத் தாயின் பாலிலும் எதிர்ப்பொருள் இல்லை. ஓராண்டுக்குள் சுமார் 70 லட்சம் குட்டிகள் இறந்ததாக மதிப்பிடப்பட்டது. 2014 ஜூனிலும் செப்டம்பரிலும் இரு தடுப்பூசிகளுக்கு அந்நாட்டு வேளாண் துறை நிபந்தனையோடு உரிமம் வழங்கியது. இரண்டும் சினைப் பன்றிக்குத் தசையில் போடப்படுபவை. முன்பே நோய் கண்டு மீண்ட தாய்க்கு அவ்வூசி போடப்பட்டபோது, உறங்கிக் கிடந்த நினைவுச் செல்கள் விழித்தெழுந்து பாலில் எதிர்ப்பொருள் உயர்ந்தது. நோயையே காணாத தாயிடம் அதே ஊசி பாலில் ஐஜிஏயைப் பெரிதாக எழுப்பவில்லை.

அதனால்தான் பல பண்ணைகள், இறந்த குட்டிகளின் குடலையும் கழிச்சலையும் அரைத்துச் சினைப் பன்றிகளின் தீவனத்தில் கலந்து கொடுக்கும் பழைய முறைக்கே திரும்பின. காண்போருக்கு அருவருப்பூட்டும் இம்முறையின் அடிப்படை சரியானதே. தாயின் குடலில் உயிருள்ள வைரஸ் பெருகினால்தான் மடிக்குச் செய்தி போய்ச் சேருகிறது. ஆயினும் கலவையில் வேறு என்னென்ன கிருமிகள் உள்ளன என்பதற்கு உறுதியில்லை. அளவும் ஈற்றுக்கு ஈற்று மாறுபடும். பண்ணையில் வைரஸ் நிலைத்துவிடும் அச்சமும் உண்டு. வாய்வழியாகக் கொடுக்கத்தக்க, வீரியம் குறைந்த, மீண்டும் கொடியதாக மாறாத வைரஸைப் படைப்பதே இத்துறையின் தொடரும் பணியாக உள்ளது.

பால் மறந்த பின்

மூன்று அல்லது நான்கு வார வயதில் குட்டி தாயிடமிருந்து பிரிக்கப்படும்போது, பாலில் வந்துகொண்டிருந்த காவல் ஒரே நாளில் நின்றுபோகிறது. புதிய கொட்டில், அறிமுகமில்லாத குட்டிகளோடு சண்டை, பாலுக்குப் பதிலாகத் தானியத் தீவனம் ஆகியவை ஒருங்கே வந்து சேர, குடலுறிஞ்சிகள் சுருங்கி, செரியாத உணவு தேங்கி, ஈ.கோலை பெருகுகிறது. எஃப்4 பற்றிழையோடு எஃப்18 என்னும் வேறொரு வகையும் இப்போது களத்துக்கு வருகிறது. எஃப்18 பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் பிறந்த குட்டியின் குடலில் இல்லாமல், வயது ஏற ஏறவே தோன்றுவதே இதற்குக் காரணம். எஃப்4 ஏற்பியைப் பிறப்பிலேயே பெறாத பன்றிகளும் உண்டு என்பது 1975-இல் வெளியாயிற்று. அத்தகைய பன்றிகளைத் தேர்ந்து இனப்பெருக்கம் செய்வதும் ஒரு தடுப்பு முறையாகக் கையாளப்படுகிறது.

இவ்வயதில் தாய்க்கு ஊசி போட்டுப் பயனில்லை. குட்டிக்குத் தசையில் ஊசி போட்டாலும் குடலில் ஐஜிஏ சுரப்பதில்லை. எனவே, பற்றிழை இருந்தும் நச்சு சுரக்காத உயிருள்ள ஈ.கோலையை வாய்வழியாகக் கொடுக்கும் மருந்து உருவாயிற்று. கனடாவில் உருவாக்கப்பட்ட அத்தகைய மருந்து எஃப்4 வகைக்கு எதிராக 2015-இலும், எஃப்4, எஃப்18 இரண்டுக்கும் எதிராக 2017-இலும் ஐரோப்பிய ஒன்றியத்தில் அனுமதி பெற்றது. 18 நாள் வயது முதல் அதைக் கொடுக்கலாம். காப்பு உருவாக ஏழு நாள் ஆகும். அது மூன்று வாரம் நிலைக்கும். 21 நாளில் பால் மறக்கடிக்கும் பண்ணையில் காப்பு முற்றுமுன்னரே ஆபத்துக்காலம் தொடங்கிவிடுகிறது என்பதை இவ்வெண்களே காட்டும். 28 நாள் வரை தாயோடு விடும் பண்ணையில் கணக்கு பொருந்துகிறது. மேலும், தாய்க்குப் போட்ட ஊசியால் பாலில் வரும் எஃப்4 எதிர்ப்பொருள், குட்டியின் வாய்க்குள் விட்ட உயிருள்ள மருந்தையும் முடக்கக்கூடும்.

இதனோடு ஒப்புநோக்கத்தக்கது நீர்வீக்க நோய். அதுவும் எஃப்18 பற்றிழை கொண்ட ஈ.கோலையால், பால் மறந்த குட்டிகளுக்கே வருகிறது. ஆனால் அந்த ஈ.கோலை சுரக்கும் ஷிகா வகை நச்சு குடலைக் கடந்து இரத்தத்தில் கலந்து, இரத்தக் குழாய்ச் சுவரைத் தாக்குகிறது. இமைகள் வீங்கி, கால்கள் தடுமாறி, நேற்றுவரை கொழுத்திருந்த குட்டி திடீரெனச் சாகிறது. கிருமி குடலில் இருந்தாலும் கேடு இரத்தத்தில் நிகழ்வதால், இங்கே தசை ஊசி நன்கு பயன்படுகிறது. நான்கு நாள் வயதிலேயே ஒரே முறை போடக்கூடிய அத்தகைய ஊசிக்கு 2013-இல் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதி அளித்தது. கிருமி எங்கே வாழ்கிறது என்பதைவிட அது எங்கே தாக்குகிறது என்பதே மருந்தின் வழியைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வளரும் பன்றிகளைத் தாக்கும் கடைச்சிறுகுடல் அழற்சியோ இவ்விதியிலிருந்து ஓரளவு விலகி நிற்கிறது. அமெரிக்காவின் அயோவாவில் 1931-இல் விவரிக்கப்பட்ட அந்நோயில் குடற்சுவர் தடித்துப் பன்றி இளைத்துப்போகிறது. குடற் செல்லுக்குள்ளேயே வாழும் அதன் பாக்டீரியாவுக்கு, ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் அதை ஆராய்ந்த கோர்டன் லாசனின் பெயரால் லாசோனியா என்று 1995-இல் பெயரிடப்பட்டது. 2001-இல் அமெரிக்காவில் வெளிவந்த உயிருள்ள தடுப்புமருந்து குடிநீரில் கலந்து கொடுக்கப்படுகிறது. கலப்பதற்கு முன் குழாய்நீரிலுள்ள குளோரினை முறிக்கக் கொழுப்பு நீக்கிய பால்பொடியையோ தையோசல்ஃபேட்டையோ சேர்க்கின்றனர். மருந்து கொடுப்பதற்கு மூன்று நாள் முன்பிருந்து மூன்று நாள் பின்வரை எந்த ஆன்டிபயாடிக்கும் கொடுப்பதில்லை. தவறினால் தடுப்புமருந்திலுள்ள பாக்டீரியாவே செத்துப்போகும். பின்னர் இந்நோய்க்குத் தசையில் போடும் ஊசியும் வந்து பயனளித்துள்ளது. செல்லுக்குள் வாழும் கிருமியை வெல்வதில் எதிர்ப்பொருளோடு நோயெதிர்ப்புச் செல்களும் நேரடியாகப் பங்குகொள்வதால், குடல் வாயில் ஒன்றே வழி என்ற கட்டாயம் இங்கே தளர்கிறது.

துத்தநாகம் விலகிய பின்

இத்தடுப்பு மருந்துகள் நெடுங்காலம் பின்தங்கியிருந்ததற்கு, மலிவான மாற்று கைவசம் இருந்ததே காரணம். பால் மறந்த குட்டிகளின் தீவனத்தில் பத்து லட்சத்துக்கு 2,500 பங்கு துத்தநாகம் சேரும் அளவில் துத்தநாக ஆக்சைடு இரண்டு வாரத்துக்குக் கலக்கப்பட்டது. கோலிஸ்டின் முதலிய ஆன்டிபயாடிக்குகளும் தாராளமாகக் கொடுக்கப்பட்டன. செரியாத துத்தநாகம் சாணத்தோடு வயலில் சேர்ந்து மண்ணில் தங்கியது. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் பெருகவும் அது துணைபோனது. கோலிஸ்டினை எதிர்க்கும் எம்சிஆர்-1 மரபணு, பாக்டீரியாவுக்குப் பாக்டீரியா தாவும் பிளாஸ்மிட்டில் இருப்பது சீனாவில் பன்றிகளிலும் மனிதரிலும் கண்டறியப்பட்டு 2015-இல் வெளியானபோது, பிரச்சினை பண்ணை வேலியைத் தாண்டிவிட்டது புலப்பட்டது. இந்தியாவும் 2019-இல் உணவுக்கான கால்நடைகளில் கோலிஸ்டினைத் தடைசெய்தது. ஐரோப்பிய ஒன்றியம் ஆன்டிபயாடிக்கை வழக்கமான தடுப்பாகக் கொடுப்பதை 2022 ஜனவரியிலும், மருந்தளவுத் துத்தநாகத்தை 2022 ஜூனிலும் நிறுத்தியது.

தடை வந்தால் தடுப்பூசி அவ்விடத்தை அப்படியே நிரப்பிவிடும் என்று எதிர்பார்ப்பது பிழை. வளர்ச்சியூக்க ஆன்டிபயாடிக்குகளை 1986-இலேயே தடைசெய்த சுவீடன், குட்டிகளைத் தாயோடு நீண்ட நாள் விட்டும், வைக்கோல் படுக்கையும் இடவசதியும் அளித்தும், தீவனத்தில் புரதத்தைக் குறைத்தும் நிலைமையைச் சமாளித்தது. ஓர் அறையின் குட்டிகள் அனைத்தையும் ஒருசேரக் கொண்டுவந்து, ஒருசேர வெளியேற்றி, இடையில் கழுவி உலர்த்தும் ஒழுங்கு இல்லாத கொட்டிலில், கிருமியின் சுமை தடுப்பூசி தாங்கும் அளவை மீறிவிடும். தடுப்பூசி நோயின் கடுமையைக் குறைக்கிறதே அன்றிக் கிருமியைப் பண்ணையிலிருந்து துடைத்தெறிவதில்லை.

துத்தநாகத்துக்கும் தடுப்பூசிக்கும் உள்ள வேறுபாடு விலையோடு முடிவதில்லை. துத்தநாகத்தைக் கலக்கக் கழிச்சலின் காரணம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எஃப்4 மருந்தோ எஃப்18 நோயைத் தடுக்காது. இரண்டும் ரோட்டா வைரஸ் கழிச்சலில் உதவா. பன்றிப் பேதியை உண்டாக்கும் பிராக்கிஸ்பைராவுக்குப் பரவலாக நம்பத்தக்க தடுப்பூசி இன்னும் இல்லை. ஆகவே சாணத்தையும் இறந்த குட்டியின் குடலையும் ஆய்வகத்துக்கு அனுப்பி, எந்தக் கிருமி, எந்தப் பற்றிழை, எந்த வயதில் என்று கண்டறிவது மருந்து வாங்குவதற்கு முந்திய செலவாகிறது. அச்செலவைத் தவிர்த்த பண்ணையில் தடுப்பூசி தோற்றால், பழி மருந்தின்மேல் விழுந்து, ஆன்டிபயாடிக் மீண்டும் தீவனத்தொட்டிக்குத் திரும்புகிறது. எனவே கால்நடை நோயறி ஆய்வகங்களைப் பண்ணையாளர் எளிதில் அணுகும் தொலைவிலும் விலையிலும் வைப்பது, புதிய தடுப்பூசிகளைக் கண்டுபிடிப்பதற்கு இணையான அரசின் கடமையாகும்.